மேல்வரிசை ஒரு செட்

பட்டு ஜிப்பாவும் தோளில் சரிகை அங்கவஸ்திரமும் நெற்றியில் சந்தனமுமாக ஒரு ஆள், கிள்ளானில் ஒரு கோயில் மண்டபத்தின் பின்புறம், கறுப்புக் குப்பைப் பைக்குள் முழங்கை வரை கையை விட்டுக்கொண்டு நிற்கிறார். மதியம் இரண்டரை மணி இருக்கும். மண்டை காயும் வெயில். உள்ளே அவருடைய ஒரே மகள் கழுத்தில் தாலி ஏறி நாலு மணி நேரம்கூட ஆகவில்லை.

அந்த ஆள் நான்தான். மூன்று நான்கு வருஷத்துக்கு முந்திய கதை.

பைக்குள் சாம்பார் இன்னும் வெதுவெதுப்பாகவே இருந்தது. முதலில் கைக்குக் கிடைத்தது முருங்கைக்காய்ச் சக்கை. அடுத்து பாதி கடித்த வடை. அதற்கடுத்து என்னவென்று இன்றுவரை எனக்குத் தெரியாத ஒரு வழவழப்பு. நான் தேடியது இவற்றில் எதையும் இல்லை. ஒரு செட்டைத் தேடிக்கொண்டிருந்தேன்.

என்ன செட் என்று கேட்பீர்கள். சொல்கிறேன். அதற்கு முன் அந்த வார்த்தையைப் பற்றிக் கொஞ்சம் பேசியாக வேண்டும். இந்தத் தொடரைப் படித்து வருகிறவர்களுக்கு என் லட்சணம் தெரியும். ஒரு விஷயத்துக்கு நேராகப் போய்ச் சேர என்னால் முடியாது. மேடையிலும் அப்படித்தான். மணமக்கள் வாசலில் வந்து நிற்பார்கள், நான் வாசல் தோரணத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பேன்.

இரண்டெழுத்து மளிகைக் கடை

இந்தத் தொடரில் நான் இங்கிலீஷ் வார்த்தைகளை அள்ளிவிடுகிறேன் என்று ஒரு வாசகர் போனில் சண்டைக்கு வந்தார். கல்யாண வீட்டைப் பற்றி எழுதியதில் மட்டும் 'செட்' என்று ஒன்பது இடத்தில் வருகிறதாம். எண்ணிப் பார்த்திருக்கிறார். நான் அவருக்கு ஒரு சவால் விட்டேன். காலையில் எழுந்ததிலிருந்து படுக்கும் வரை ஒரு நாள், ஒரே ஒரு நாள், அந்த வார்த்தையைச் சொல்லாமல் இருந்து காட்டுங்கள் என்றேன்.

"செட் லா, பாஸ்!" என்றார்.

எங்கள் ஊரில் அதற்கு 'ஒப்புக்கொண்டேன், பேச்சு முடிந்தது' என்று அர்த்தம். சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. போனை வைத்துவிட்டார்.

அவரைக் குறை சொல்ல முடியாது. இங்கிலீஷ்காரன் அந்த வார்த்தையை எந்த வேலைக்கு உண்டாக்கினானோ, எங்கள் வீட்டில் அது செய்யாத வேலை கிடையாது. என் மனைவி மங்களம் இருந்த காலத்தில் ஒரு தீபாவளிக்கு முந்தின நாளைச் சொல்கிறேன். அடுப்படியிலிருந்து, "செட் ஆயிருச்சான்னு பாருங்க," என்று குரல் வந்தது. அவள் கேட்டது ஐஸ்பெட்டிக்குள் தட்டில் ஊற்றி வைத்திருந்த அகர் அகர் இனிப்பைப் பற்றி. நான் டிவி செட்டின் பின்னால் போய் ஒயரைப் பார்த்துவிட்டு, "எல்லாம் நல்லாத்தான் இருக்கு," என்றேன். அதற்குள் பக்கத்து வீட்டுக்காரர் மட்டையோடு வாசலில் வந்து, ரெண்டே செட் ஆடிவிட்டு வந்துவிடலாம் என்றார். பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த மகள் ஷாமினி, மூன்று பேருக்கும் ஒரே துணியில் தைத்து வந்த செட் உடுப்பைப் போட மாட்டேன், அந்த மஞ்சள் எனக்கு செட் ஆகாது என்று அழுதாள். அகர் அகர் இறுகவே இல்லை. மறுநாள் வந்தவர்களுக்கு அதைக் குடிக்கக் கொடுத்தோம்.

மகளுக்குக் கல்யாணப் பேச்சு எடுத்த பிறகு அந்த வார்த்தை வீட்டில் குடியேறியே விட்டது. நகை செட், பாத்திர செட், மேள செட். தலைமுடி செட் பண்ண வருகிற பெண், அவளோடு ஒரு செட் உதவியாளர்கள். இதில் திருச்சியிலிருந்து சம்பந்தியம்மா வந்து இறங்கினார். மின்வாரிய ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர். வந்த மறுநாள் காலை பிரிக்பீல்ட்ஸில் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு அழைத்துப் போனேன். "ஒரு செட் தோசை குடுப்பா," என்றார். கடைக்காரர், "செட்டுன்னா தோச, கோழி, டிரிங்க் ஒன்னு. டிரிங்க் என்னா வேணும் ஆன்டி, தே ஓ ஐஸா, சிராப்பா?" என்றார். சம்பந்தியம்மா என்னைப் பார்த்த பார்வையில், இந்த நாட்டில் பையனை எப்படி விட்டு வைத்தேன் என்ற கவலை தெரிந்தது.

எனக்கு மட்டும் அந்த வார்த்தையில் சொந்தமாக ஒரு அர்த்தம் இருந்தது. மைக் செட். பகலில் போர்ட் கிள்ளானில் ஒரு சரக்குக் கம்பெனியில் குமாஸ்தா, சனி ஞாயிறில் கல்யாண டின்னர்களில் எம்.சி., அதாவது மேடை அறிவிப்பாளர். முப்பது வருஷம் இப்படியே ஓட்டினேன். அந்தக் காலத்தில் எம்.சி.யே மைக் செட்டையும் கொண்டு போக வேண்டும். வேனில் பெட்டி பெட்டியாக ஏற்றிக்கொண்டு அம்பாங் வரை போய் இறக்கியிருக்கிறேன். ஊரில் பாதிப் பெண்களை 'வருக வருக' சொல்லி மேடையேற்றியவன் நான். என் ழகரத்துக்காகவே கூப்பிட்ட வீடுகள் உண்டு. மற்ற எம்.சி.களின் உச்சரிப்பை நான் எவ்வளவு கேலி செய்திருக்கிறேன் என்பதை இங்கே எழுதினால் மானநஷ்ட வழக்கு வரும்.

மைக் கையில் இருந்தால் எனக்குப் பேச்சு அருவி. மைக் இல்லாவிட்டால், அதுவும் வீட்டுக்குள், "சாப்டியா", "கேட் பூட்டியாச்சா" என்ற இரண்டு வாக்கியம். மங்களம் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். அவள் இறந்து ஆறு வருஷம் கழித்துத்தான் இந்தக் கல்யாணம்.

செட் ஆகல

ஷாமினி ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரபுவை வீட்டுக்கு அழைத்து வந்தாள். திருச்சிப் பையன். வேலை விசாவில் வந்து கோலாலம்பூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறான், பிரிக்பீல்ட்ஸில் ஒரு அடுக்குமாடியில் ஜாகை. மரியாதையான பையன். நான் சோபாவைக் காட்டும் வரை நின்றுகொண்டே இருந்தான். மூன்று தடவை 'மாமா' என்றான். இரண்டு தடவை டீ கப்பைக் கழுவ எழுந்தான்.

அவன் போன பிறகு மகள் கேட்டாள். "எப்படிப்பா?"

"செட் ஆகல," என்றேன்.

அந்த வார்த்தையின் அத்தனை அர்த்தத்திலும் கோழைத்தனமான அர்த்தம் இதுதான். பிடிக்கவில்லை என்று சொன்னால் ஏன் என்று சொல்ல வேண்டும். செட் ஆகவில்லை என்றால் யார் மேலும் குற்றம் இல்லை, விளக்கமும் வேண்டாம். சட்டை செட் ஆகவில்லை என்று கடைக்காரரிடம் திருப்பிக் கொடுக்கிறோம் பாருங்கள், அப்படி ஒரு மனிதனைத் திருப்பிக் கொடுத்தேன்.

"ஏன்?" என்றாள்.

"அதான் சொன்னேனே."

காரணம் எனக்கு நன்றாகத் தெரியும். வாயைத் திறந்து சொல்லத்தான் வெட்கமாக இருந்தது. எட்டு மாதம் அந்த வீட்டில் இரண்டு பேரும் உப்பு எங்கே, சாவி எங்கே என்ற அளவில் பேசிக்கொண்டோம். கடைசியில் நான் சம்மதித்தேன். நல்ல மனசினால் என்று எழுத ஆசைதான். என் மகளின் பிடிவாதத்தின் முன் என் பிடிவாதம் நிற்கவில்லை என்பதுதான் நிஜம்.

அழைப்பிதழ் அச்சுக்குப் போகிற நாளில் என் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"ஒத்துக்கிட்டீங்க, சரி. ஆனா ஏன் வேணாம்னீங்கன்னு இன்னிக்கு வரைக்கும் சொல்லலபா. பிரபுவப் பாக்கிறப்பல்லாம் எனக்கு அதான் ஓடுது. நீங்க என்னா பாத்தீங்க, நான் எதப் பாக்காம விட்டேன்னு."

நான் விசிறியைப் பார்த்தேன்.

"வீட்டுல சொல்ல மாட்டீங்க, தெரியும். டின்னர்ல நீங்கதான் பேசணும். வேற எம்.சி. வந்தாலும், அப்பா பேச்சு நீங்கதான். ஊர்ல எல்லார் பொண்ணுக்கும் பேசினீங்க லா. மைக்கு கையில இருக்கிறப்பவாச்சும் எனக்கு அதச் சொல்லிடுங்க. அதக் கேட்டுட்டுத்தான் நான் அவங்க வீட்டுக்குப் போவேன்."

"செட்," என்றேன். இந்தத் தடவை ஒப்புக்கொண்டேன் என்ற அர்த்தத்தில்.

பல் டாக்டரின் செட்

இந்தச் சமயம் பார்த்து என் மேல்வரிசைப் பற்கள் ஒவ்வொன்றாக என்னை விட்டுப் போக ஆரம்பித்தன. இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதி. மிச்சமிருந்ததையும் எடுத்துவிடுவது நல்லது என்றார் கிள்ளான் பல் டாக்டர். சீனப் பெண். கை மென்மை, பேச்சு கறார். எடுத்த இடம் ஆறுவதற்கும் அளவெடுத்துச் செய்வதற்கும் இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது.

அந்த இரண்டு மாதமும் என் தமிழ் யாருக்கும் புரியவில்லை. தகரமும் நகரமும் காற்றாகப் போயின. ழகரம் எப்படியோ தப்பித்தது, ஆனால் ழகரத்தை மட்டும் வைத்துக்கொண்டு என்ன பேசுவது? பசாரில் மீன்காரர் ஒவ்வொரு தடவையும், "என்னா அங்கிள்?" என்பார். கூட வரும் ஷாமினி, "கெண்டை மீனு, சின்னதா, தலை வேணாம்," என்று எடுத்துச் சொல்வாள். உப்பு, சாவி தவிர வேறு பேச்சு இல்லாத காலத்திலும் மீன்காரரிடம் எனக்காகப் பேசினாள். ஒரு வார்த்தை தப்பாகச் சொன்னதில்லை.

கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது செட் கைக்கு வந்தது. பளபளவென்று மேல்வரிசை முழுசும். கண்ணாடி முன் நின்று 'பெரியோர்களே, தாய்மார்களே' என்று நூறு தடவை சொல்லிப் பார்த்தேன். குரல் பழையபடி மணியடித்தது. ஈறுதான் உயிர் போக வலித்தது. வலித்தாலும் தினமும் போட்டுப் பழக வேண்டும், சாப்பிடும்போது கழற்றக் கூடாது, கழற்றினால் டப்பாவில்தான் வைக்க வேண்டும் என்று டாக்டர் மூன்று விதி சொன்னார். கல்யாணத்தன்று நான் அந்த மூன்றில் இரண்டை மீறினேன்.

கடைசிப் பந்தி

பெண்ணைப் பெற்றவன் கடைசிப் பந்தியில்தான் உட்கார முடியும். வந்தவர்களையெல்லாம் கவனித்து, எல்லாரும் சாப்பிட்டார்களா என்று பார்த்து, கால் வீங்கி, ஐந்தாவது வரிசை மேசையின் ஓரத்தில் போய் விழுந்தேன். பக்கத்தில் யாரும் இல்லை. சாம்பாரும் பொரியலும் அப்பளமும் வந்தன. அப்பளத்தில் ஒரு துண்டு செட்டுக்கும் ஈறுக்கும் நடுவில் போய்க் குத்த ஆரம்பித்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்தப் பக்கம் போன ஒரு அம்மாள், மகள் பிரிகிற துக்கம் என்று நினைத்துக்கொண்டு என் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

சுற்றுமுற்றும் பார்த்தேன். கழற்றினேன். டிஸ்யூவில் சுற்றி இலையின் வலப்பக்கம், தண்ணீர்க் கப்புக்குப் பக்கத்தில் வைத்தேன். ஆகா, அந்த நிம்மதி! பாயசம் வந்தது. முதல் வாய் வைக்கிறேன், மேடையிலிருந்து போட்டோகிராபர் கத்துகிறார்.

"அங்கிள்! குடும்பப் படம்! அஞ்சே நிமிசம்!"

எழுந்தேன். இலையை மடிக்கவில்லை. வேண்டுமென்றேதான் மடிக்கவில்லை. இலையை மடித்தால் சாப்பிட்டு முடித்தாயிற்று, மடிக்காமல் எழுந்தால் ஆள் திரும்பி வருவார். மடிக்காத இலையில் யாரும் கை வைக்க மாட்டார்கள். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து எங்கள் ஜனங்களுக்கு இதுதான் சட்டம். இதை நம்பித்தான் பல்லைக் காவலில்லாமல் விட்டுவிட்டு மேடையேறினேன்.

ஐந்து நிமிஷம் இருபது நிமிஷம் ஆனது. எல்லாப் படத்திலும் வாயை இறுக மூடிக்கொண்டு நிற்கிறேன். அவ்வளவு கம்பீரமான தகப்பனை நீங்கள் எந்த ஆல்பத்திலும் பார்த்திருக்க முடியாது.

இறங்கி வந்து பார்த்தால், மேசை இருந்தது. மேசை மட்டும்தான் இருந்தது.

சட்டம் மாறியிருந்தது எனக்குத் தெரியவில்லை. இப்போதெல்லாம் கேட்டரிங்காரர்கள் இலை இலையாக எடுப்பதில்லை. நீளத்துக்கு ஒரு மெல்லிய பிளாஸ்டிக் விரிப்பு போட்டு, அதன் மேல் இலை போடுகிறார்கள். பந்தி முடிந்ததும் இந்த முனையில் ஒருவர் பிடித்து அந்த முனை வரை பாய் சுருட்டுவது போலச் சுருட்டிக்கொண்டே போகிறார். இலை, கப்பு, டிஸ்யூ, எலுமிச்சம்பழத் தோல் எல்லாம் உள்ளே. இருபது பேர் சாப்பிட்ட மேசை ஒரு நிமிஷத்தில் காலி. மண்டபத்தை மூன்று மணிக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டுமே! அந்த அவசரத்தில் மடித்த இலை, மடிக்காத இலை என்று யார் பார்ப்பார்கள்?

ஐந்தாவது சுருள்

பின்புறம் ஓடினேன். கறுப்புப் பைகள் எட்டு, லோரிக்குப் பக்கத்தில் வரிசையாக நின்றன. கேட்டரிங் மணியம் அண்ணன் ஒவ்வொரு பைக்குள்ளும் ஒரு காலை விட்டு மிதித்து அமுக்கிக்கொண்டிருந்தார். அமுக்கினால்தான் லோரியில் இடம் பத்துமாம்.

"பாஸ், இங்க என்னா பண்றீங்க? உள்ள போங்க பாஸ், நாங்க பாத்துக்கிறோம்."

இந்த இடத்தில் 'ஒரு செட் காணோம்' என்று நான் சொல்லியிருந்தால் நகை செட் என்று நினைத்து மொத்தக் கல்யாண வீடும் பின்கட்டுக்கு வந்திருக்கும். அந்த அறிவு எனக்கு இருந்தது. வாயைத் திறந்து, இல்லாத மேல்வரிசையை விரலால் காட்டினேன். மணியம் அண்ணன் எட்டிப் பார்த்தார்.

"அலமா!" என்றார். காலைப் பையிலிருந்து மெதுவாக வெளியே எடுத்தார்.

முதல் பைக்குள் நான் கையை விட்டேன். நீங்கள் ஆரம்பத்தில் பார்த்த காட்சி அதுதான்.

இரண்டாவது பையில் இருக்கும்போது பின்னால் பட்டுப்புடவை சரசரத்தது. சம்பந்தியம்மா. பையனின் செருப்பைத் தேடி வந்தாராம். நான் சம்மதம் சொன்னதிலிருந்து வீடியோ காலில் ஒருவருக்கொருவர் விறைப்பாக 'நல்லா இருக்கீங்களா' மட்டும் சொல்லிக்கொண்டவர்கள் நாங்கள். என் முதல் மறுப்பு அவர் காதுக்கும் போயிருந்தது. அவர் முன் நான் சாம்பார் சொட்டும் கையோடு, பொக்கை வாயோடு நின்றேன். அப்போது எனக்கு வந்த அவமானம் கொஞ்சநஞ்சமில்லை.

அவர் என் கையைப் பார்த்தார், வாயைப் பார்த்தார், எட்டுப் பைகளையும் பார்த்தார்.

"எத்தனாவது வரிசையில உக்காந்தீங்க சம்பந்தி?"

ஐந்து விரலைக் காட்டினேன்.

"ஏம்ப்பா," என்று மணியத்திடம் திரும்பினார். "ஒரு வரிசைக்கு ஒரு சுருள்தானே? முதல் வரிசைல இருந்துதானே சுருட்டிட்டு வந்தீங்க? அப்ப கடைசிப் பந்தியோட அஞ்சாவது சுருள் எந்தப் பையில? அதை மட்டும் பிரிங்க. சும்மா எல்லாத்தையும் போட்டுக் கிளறினா நாளைக்கு வரைக்கும் தேடணும்."

முப்பது வருஷம் கோப்புக்கட்டு தேடிய அனுபவம் பேசியது. அவரே புடவைக் கொசுவத்தை இழுத்துச் செருகிக்கொண்டு பையின் வாயைப் பிடித்தார். ஐந்தாவது சுருளைத் தார்ச்சாலையில் விரித்தோம். ஓரத்து இலையில் என் பாயசம் கூழாகிக் கிடந்தது. பக்கத்தில் டிஸ்யூ.

பிரித்தேன். செட் இரண்டாக உடைந்திருந்தது. மணியம் அண்ணனின் கால் வேலை.

"பாஸ், கவலப்படாதீங்க," என்றார் அவர். லோரியின் முன்பக்கத்திலிருந்து ஒரு சின்ன டியூப் எடுத்து வந்தார். "இந்த கம்மு போட்டா அஞ்சு நிமிசத்துல செட் ஆயிரும். நான் லோரி கண்ணாடிக்கே இதான் போட்டேன்."

"வாயில வைக்கிற சாமானுக்கு லாரி பசையா? நகருங்க!" என்று சம்பந்தியம்மா அதட்டினார். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. இவர் எதற்கு அழுகிறார் என்று பார்த்தேன். அழவில்லை. அடக்க முடியாமல் சிரித்துக்கொண்டிருந்தார். "மன்னிச்சுக்கங்க சம்பந்தி. எனக்குக் கீழ்வரிசை. ராத்திரி தம்ளர்ல போட்டு வைப்பேன். எம் பையன் ஒரு தடவை தண்ணின்னு குடிச்சிட்டான்."

நானும் சிரித்தேன். காற்றுதான் வந்தது.

பிரிக்பீல்ட்ஸ், சாயங்காலம்

ஞாயிற்றுக்கிழமை. பல் டாக்டர் கடை பூட்டியிருந்தது. டின்னர் ஏழரைக்கு, பிரிக்பீல்ட்ஸில் ஒரு மண்டபத்தில். கிள்ளானிலிருந்து போகிற வழியெல்லாம் காரில் முன் இருக்கையில் உட்கார்ந்து வாயை மூடி மூடித் திறந்து பார்த்தேன். 'பெரியோர்களே' வந்தது. 'தாய்மார்களே' வரவில்லை.

அங்கே ஒரு அறையில் ஷாமினிக்குத் தலை அலங்காரம் நடந்துகொண்டிருந்தது. பிரபு பக்கத்தில் நின்று ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். கைக்குட்டையைப் பிரித்து இரண்டு துண்டையும் காட்டினேன். பேச முடியாது, எம்.சி.யையே நாலு வார்த்தை சொல்லச் சொல்லிவிடு என்று கையாலும் காற்றாலும் சொன்னேன்.

மனசுக்குள் ஒரு மூலையில் எனக்கு நிம்மதியாக இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். இத்தனை மாதம் தள்ளிப்போட்டதை இன்னும் ஒரு நாள் தள்ளிப்போட நல்ல சாக்கு.

"மாமா, எழுதிக் குடுங்க, நான் வேணா படிச்சிடுறேன்," என்றான் பிரபு. பாவம், நல்ல எண்ணத்தில்தான் சொன்னான். வேண்டாமென்று நான் சொன்ன காரணத்தை அவனையே படிக்க வைப்பதா? தலையை ஆட்டி மறுத்தேன்.

ஷாமினி கண்ணாடியில் என்னைப் பார்த்தாள். சிரிக்கவில்லை.

"நாளைக்குச் சொல்றேன்னு சொல்லப் போறீங்க."

தலையாட்டினேன்.

"நாளைக்கு நான் நம்ம வீட்டுல இருக்க மாட்டேன்பா." தலைக்காரப் பெண்ணின் கையை விலக்கிவிட்டு என் பக்கம் திரும்பினாள். "நீங்க பேசுங்க. பல்லு இல்லாட்டி என்னா? ரெண்டு மாசம் மீன் வாங்கினோம் இல்ல?"

இரண்டு மைக்

எம்.சி. என் பெயரை மூன்று அடைமொழியோடு அறிவித்தார். உச்சரிப்பு சுமார்தான். மேடையேறி மைக்கைக் கையில் வாங்கினேன். முப்பது வருஷப் பழக்கத்தில் நெஞ்சு நிமிர்ந்தது. வாயைத் திறந்தேன். என்னவோ ஒரு சத்தம் வந்தது. மைக்தான் கெட்டுப்போய்விட்டது என்று நினைத்து சவுண்ட் ஆள் ஓடி வந்து தட்டிப் பார்த்தார். முன்வரிசையில் சில பேர் சிரிப்பை அடக்கினார்கள். மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். மேடையில் அப்படிப் பிடித்தது அதுதான் முதல் தடவை.

ஷாமினி மணமேடை நாற்காலியிலிருந்து எழுந்து வந்தாள். எம்.சி.யின் கையிலிருந்து இன்னொரு மைக்கை வாங்கிக்கொண்டு என் பக்கத்தில் நின்றாள்.

"எங்கப்பா சொல்றாங்க, வந்தவங்க எல்லாருக்கும் வணக்கம்."

கைதட்டல் கிளம்பியது. எனக்கு மூச்சு வந்தது. சம்பந்தி வீட்டாரின் பண்பையும் பாசத்தையும் பெருமையையும் புகழ்ந்து ஒரு நிமிஷம் பேசினேன். நல்ல அடுக்குமொழி.

"சம்பந்தி வீட்டுக்கு நன்றி," என்றாள் அவள்.

மண்டபம் சிரித்தது. அடுத்து என்னுடைய பிரபலமான மாமியார் ஜோக் ஒன்றை எடுத்துவிட்டேன். அவள் முழுவதும் கேட்டாள். "இது ஒரு ஜோக்கு. முப்பது வருசமா எல்லா டின்னர்லயும் சொல்றாங்க. உங்களுக்கே தெரியும், விட்டுடுவோம்," என்றாள். சம்பந்தியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். பின்மேசைகளில் மேசையைத் தட்டினார்கள். இத்தனை வருஷத்தில் என் ஜோக்குக்கு அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை.

சிரிப்பு அடங்கியது. இனி சொல்ல ஒன்றுதான் மிச்சம்.

கூட்டத்தைப் பார்த்தபடி அதைச் சொல்ல முடியும் என்று நினைத்திருந்தேன். முடியவில்லை. அவள் பக்கம் திரும்பிக்கொண்டேன். மைக் வாயருகேதான் இருந்தது. என் சத்தம் நான்கு பெட்டிகளிலிருந்தும் மண்டபம் முழுக்கக் கேட்டது. காற்றும் குழறலுமாக, ஒரு வார்த்தை யாருக்கும் பிடிபட்டிருக்காது. நான் சொன்னது இதுதான்.

"பிரபு மேல எனக்கு ஒரு குறையும் இல்லமா. நீ எதையும் பாக்காம விடல. அம்மா போனதுக்கப்புறம் நான் டின்னர் முடிச்சிட்டு வர்றப்பல்லாம் வாசல் லைட்டு எரியும். நீ போட்டு வச்சிருப்ப. இருட்டா இருக்கிற அந்த வீட்டுக்கு நான் மட்டும் வந்து சாவி போடணும்னு நெனச்சேன். பயந்துட்டேன். அதான் வேணாம்னேன். எம் பயத்துக்கு அந்தப் பையன் மேல பழி போட்டுட்டேன்."

ஷாமினி மைக்கை வாயருகே கொண்டு போனாள். ஒன்றும் சொல்லாமல் இறக்கினாள். மறுபடி தூக்கினாள், மறுபடி இறக்கினாள். கண் மை கன்னத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. மண்டபம் காத்துக்கொண்டிருந்தது.

பின்மேசையிலிருந்து யாரோ கத்தினார்கள். "அப்பா என்னா சொன்னாரும்மா? எங்களுக்குப் புரியல லா!"

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். மைக்கை நேராக வைத்துக்கொண்டாள்.

"இது உங்களுக்கு இல்ல," என்றாள். "எனக்குச் சொன்னாங்க."